வாரியரா, ஆல்ஃபாவா? ஒரு டன்னில் என்ன மிஞ்சுகிறது என்ற கணக்கு

அப்பா கோவையில் சின்னதாக ஒரு ஃபவுண்டரி வைத்திருந்தார். இரும்பு உருக்குவதற்கான கோக் (நிலக்கரியைக் காற்றில்லாமல் சுட்டு எடுக்கும் எரிபொருள்) லாரியில் வந்து இறங்கும்போது ஒரு கட்டியை எடுத்து சிமென்ட் தரையில் போட்டுப் பார்ப்பார். கணீரென்று சத்தம் வந்தால் நல்ல சரக்கு. பொத்தென்று உடைந்து பொடி உதிர்ந்தால் லாரி திரும்பிப் போக வேண்டியதுதான். அந்தக் கோக்குக்கு மூலப்பொருளான கோக்கிங் நிலக்கரியைத் தோண்டும் நிறுவனங்களின் பங்கு வாங்கலாம் என்று 2023-இல் எனக்குத் தோன்றியதற்கு அந்தச் சத்தமும் ஒரு காரணம்.

தேடியதில் அமெரிக்கப் பங்குகள் இரண்டு பிடித்திருந்தன. ஒன்று அலபாமா மாநிலம் புரூக்வுட்டில் இருக்கும் வாரியர் மெட் கோல். இன்னொன்று மேற்கு வர்ஜீனியா, வர்ஜீனியா மலைகளில் தோண்டும் ஆல்ஃபா மெட்டலர்ஜிக்கல் ரிசோர்சஸ். முதலில் ஆல்ஃபாவைத்தான் வாங்கினேன். இன்று என்னிடம் பெரும்பங்கு வாரியர், கொஞ்சம் ஆல்ஃபா. ஏன் மாறினேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இரண்டுக்கும் பொதுவானவற்றைச் சட்டென்று சொல்லிவிடலாம். 2015-இல் நிலக்கரி விலை சரிந்தபோது திவாலான பழைய நிறுவனங்களின் சுரங்கங்களை எடுத்துக்கொண்டு 2016-இல் பிறந்தவை இரண்டும். வாரியர் வந்தது வால்டர் எனர்ஜியிலிருந்து. ஆல்ஃபா வந்தது ஆல்ஃபா நேச்சுரல் ரிசோர்சஸிலிருந்து, முதலில் கான்டுரா என்ற பெயரில். இரண்டுமே எஃகு ஆலைகளை நம்பி வாழ்கின்றன. இரண்டுக்கும் விலையை முடிவு செய்யும் அதிகாரம் கிடையாது.

விலை எப்படி ஆடும் என்பதற்கு ஒரே உதாரணம் போதும். உக்ரைன் போர் தொடங்கிய பிறகு 2022 மார்ச்சில் உயர்தரக் கோக்கிங் நிலக்கரி டன் 600 டாலரைத் தாண்டியது. 2025-இன் பெரும்பகுதி 200 டாலருக்குக் கீழேயே கிடந்தது. அதனால் நல்ல வருடத்தில் யார் எவ்வளவு சம்பாதித்தார்கள் என்று ஒப்பிடுவதில் பெரிய பயன் இல்லை, அப்போது எல்லோரும்தான் சம்பாதிப்பார்கள். ஆனாலும் ஆல்ஃபாவை இந்த இடத்தில் பாராட்டியே ஆக வேண்டும். 2022-இல் 140 கோடி டாலருக்கு மேல் நிகர லாபம் ஈட்டியது. அந்தப் பணத்தில் கடனை அடைத்தது, அப்புறம் சந்தையிலிருந்து தன் பங்குகளையே திரும்ப வாங்கியது. ஏறக்குறைய 1.9 கோடியாக இருந்த பங்குகள் 1.3 கோடியாகக் குறைந்தன. பங்கு விலை 2024 தொடக்கத்தில் 400 டாலருக்கு மேலே போனது. நான் அதை முதலில் வாங்கியதே அந்த பைபேக்கைப் பார்த்துத்தான்.

நிலக்கரி விலை இறங்கியதும் கதை மாறியது. 2025-இல் ஆல்ஃபா பங்கு 100 டாலர் அருகே வந்து நின்றது. வாரியரும் இறங்கியது, ஆனால் உச்சத்திலிருந்து ஏறக்குறைய பாதிதான். அந்த ஆண்டின் முதல் மூன்று காலாண்டுகளிலும் ஆல்ஃபாவுக்கு நட்டம். வாரியருக்கு முதல் காலாண்டில் மட்டும் சிறு நட்டம். அடுத்த இரண்டிலும், விலை அப்படியே படுத்துக் கிடந்தபோதே, லாபத்துக்கு வந்துவிட்டது. இது எப்படி என்று புரிந்துகொள்ள இரண்டு காலாண்டு அறிக்கைகளையும் அச்செடுத்து, பென்சிலோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்தேன்.

முதல் பார்வையில் குழப்பம்தான் வந்தது. 2025 மூன்றாம் காலாண்டில் ஒரு டன்னுக்கு ஆல்ஃபாவின் செலவு சுமார் 97 டாலர், வாரியரின் செலவு சுமார் 101 டாலர். ஆல்ஃபாதானே மலிவு? கூர்ந்து படித்தால்தான் விஷயம் தெரிகிறது. ஆல்ஃபா சொல்லும் செலவில் ரயில் கட்டணமும் துறைமுகக் கையாளும் செலவும் சேராது. விற்பனை விலையிலிருந்தும் அவற்றைக் கழித்துவிட்டுத்தான் காட்டுகிறார்கள். சுரங்க வாசலில் நின்று போட்ட கணக்கு அது. வாரியரின் 101 டாலரோ கப்பலில் ஏற்றுகிற வரைக்குமான செலவு. அதனால் செலவை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தப்பான முடிவுக்கு வருவோம். விற்ற விலையில் செலவு போக மிஞ்சியது என்ன என்று பார்ப்பதே சரி. ஆல்ஃபா சுமார் 115 டாலருக்கு விற்றது, மிஞ்சியது 18 டாலர். வாரியர் சுமார் 136 டாலருக்கு விற்றது, மிஞ்சியது 35 டாலர்.

இன்னொரு இடத்திலும் கவனம் வேண்டும். இரு நிறுவனங்களும் கணக்குச் சொல்வது ஷார்ட் டன்னில், அதாவது 907 கிலோ. செய்திகளில் வரும் சந்தை விலை 1,000 கிலோ டன்னுக்கு. சந்தையில் 190 டாலர் என்று படித்தால் இவர்கள் கணக்கில் அது 172 டாலர்தான். தரத்துக்கும் கப்பல் தூரத்துக்கும் தள்ளுபடி போனால் இன்னும் கீழே வரும்.

அந்த 18 டாலரிலிருந்துதான் தலைமை அலுவலகச் சம்பளம், புதிய இயந்திரம், தேய்மானம், பழைய சுரங்கங்களை மூடிச் சீராக்கும் கடமை, முன்னாள் தொழிலாளர்களின் கரும்நுரையீரல் நோய் இழப்பீடு எல்லாம் போக வேண்டும். 35 டாலர் இருந்தால் தாங்கும். 18 இருந்தால் விலை இன்னும் 10 டாலர் சறுக்கினாலே மூச்சு முட்டும். எனக்கு முடிவைத் தந்தது இந்த ஒரு வித்தியாசம்தான்.

வித்தியாசத்துக்குக் காரணம் மண்ணுக்கடியில் இருக்கிறது. வாரியர் தோண்டும் புளூ க்ரீக் அடுக்கு 1,400 முதல் 2,100 அடி ஆழத்தில் இருக்கிறது. கந்தகம் குறைவு, கோக்காக மாறும்போது நல்ல உறுதி. எடுப்பது லாங்வால் முறையில். வெட்டும் இயந்திரம் நிலக்கரிச் சுவரை ஒட்டி அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் ஓடும். மேலே ஹைட்ராலிக் தாங்கிகள் கூரையைப் பிடித்துக்கொண்டே முன்னால் நகரும், பின்னால் விட்ட இடம் இடிந்து அமரும். ஆழம் அதிகம் என்றாலும் ஒரு ஷிஃப்டில் வெட்டும் அளவு அதைச் சரிக்கட்டிவிடுகிறது. அங்கிருந்து ரயிலிலோ பிளாக் வாரியர் ஆற்றில் படகிலோ சுமார் 300 மைல் தள்ளி மொபைல் துறைமுகத்துக்குப் போகிறது. போக்குவரத்துக் கட்டணத்திலும் ராயல்டியிலும் ஒரு பகுதி நிலக்கரி விலையோடு சேர்ந்தே ஏறி இறங்கும்படி வைத்திருக்கிறார்கள். விலை விழும்போது செலவும் கொஞ்சம் விழுகிறது.

ஆல்ஃபாவிடம் இருப்பது இருபது சுரங்கங்கள் அளவில். மலைக்குள் மெலிந்த அடுக்குகள், தூண் விட்டுத் தோண்டும் முறை, ஆட்களுக்குத் தட்டுப்பாடு. ஒரு சுரங்கம் சில ஆண்டுகளில் தீர்ந்துபோகும், அடுத்ததைத் திறக்க வேண்டும். 2025-இல் கிங்ஸ்டன் வைல்ட்கேட் என்ற புதுச் சுரங்கத்தைத் தயார் செய்துகொண்டிருந்தார்கள். பலமும் உண்டு. அமெரிக்க ஆலைகளுக்கு ஆண்டு ஒப்பந்தத்தில் நிலையான விலைக்கு ஒரு பகுதியை விற்கிறது. நியூபோர்ட் நியூஸ் நிலக்கரி முனையத்தில் 65 சதவீதம் அதற்குச் சொந்தம். 2024 மார்ச்சில் பால்டிமோர் பாலம் இடிந்து அங்கே கப்பல் போக்குவரத்து நின்றபோது, சொந்த முனையம் இருப்பதன் அருமை எனக்கு நன்றாகப் புரிந்தது.

வாரியருக்கு அடுத்த சில ஆண்டுகளைத் தீர்மானிக்கப்போவது அந்த அடுக்கின் பெயரையே வைத்திருக்கும் புளூ க்ரீக் சுரங்கம். 2022-இல் வேலை தொடங்கியபோது 65 முதல் 70 கோடி டாலர் ஆகும் என்றார்கள், முடியும்போது சுமார் 100 கோடி ஆகிவிட்டது. ஆனால் பெரிய கடன் வாங்காமல், சொந்தப் பணத்தைப் போட்டே முடித்தார்கள். 2025 அக்டோபரில், திட்டமிட்டதற்கு முன்னதாகவே லாங்வால் ஓடத் தொடங்கியது. முதலில் ஆண்டுக்கு 48 லட்சம் ஷார்ட் டன் என்று சொன்ன திறனைப் பிறகு 60 லட்சமாக உயர்த்தினார்கள். பழைய இரு சுரங்கங்களும் சேர்ந்து தருவதே ஏறக்குறைய 80 லட்சம். புதியதில் செலவு பழையவற்றைவிடக் குறைவு என்பதால், டன்னுக்கு மிஞ்சும் அந்த 35 டாலர் கூடுவதற்கு வழியிருக்கிறது. கட்டுமானத்துக்குப் போன பணமும் இனிக் கையில் நிற்கும்.

பயமே இல்லையா என்றால், நிறைய இருக்கிறது. மூன்றே மூன்று சுரங்கங்கள். லாங்வால் சுரங்கத்தில் தீப்பிடித்தால் என்ன ஆகும் என்பதை ஒரு வருடத்துக்குள் மூன்று முறை பார்த்தோம். 2024 ஜூனில் ஆஸ்திரேலியாவின் குரோவனர், 2025 ஜனவரியில் மேற்கு வர்ஜீனியாவின் லீர் சவுத், மார்ச்சில் மறுபடி ஆஸ்திரேலியாவின் மொரன்பா நார்த். மொரன்பா விபத்தால் பீபாடி நிறுவனம் அந்தச் சுரங்கத்தையும் சேர்த்து வாங்க ஆங்கிலோ அமெரிக்கனிடம் பேசி முடித்திருந்த பெரிய கொள்முதலையே ஆகஸ்டில் கைவிட்டது. புரூக்வுட்டிலேயே 2001 செப்டம்பரில், பழைய நிர்வாகத்தின் ஐந்தாம் எண் சுரங்கத்தில் வெடி விபத்தில் 13 பேர் இறந்தார்கள். மீத்தேன் மிகுந்த அடுக்கு அது. 2021 ஏப்ரலில் தொடங்கிய வேலைநிறுத்தத்தில் 1,100 பேர் வெளியே நின்றார்கள், 2023 பிப்ரவரி வரை அது நீண்டது. அந்தக் குடும்பங்கள் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் பட்டபாடு பங்குதாரர் அறிக்கையில் ஒரு வரிதான். அதை மறந்துவிட்டு நான் இந்தப் பங்கை வாங்கவில்லை. ஒன்று நின்றால் மற்றவை ஓடும் என்ற நிம்மதி ஆல்ஃபாவில்தான் அதிகம். கையில் கொஞ்சம் ஆல்ஃபா வைத்திருப்பதும் அதனால்தான்.

தேவைப் பக்கம் இரண்டுக்கும் பொது. அமெரிக்காவில் ஏறக்குறைய 70 சதவீத எஃகு மின் உலையில் பழைய இரும்பை உருக்கியே வருகிறது, அங்கே வளர்ச்சிக்கு இடமில்லை. இந்தியா நேர்மாறு. இங்கே எழும் புதிய ஆலைகளில் பெரும்பாலானவை கோக்கைக் கொண்டு இரும்புத் தாதுவை உருக்கும் ஊது உலைகள், கோக்கிங் நிலக்கரியில் பெரும்பகுதி இறக்குமதி. 2030-க்குள் 30 கோடி டன் எஃகுத் திறன் என்பது அரசின் இலக்கு. ஆஸ்திரேலியா இந்தியாவுக்குப் பக்கம் என்பதால் அமெரிக்கச் சரக்குக்குக் கப்பல் செலவு எப்போதும் ஒரு சுமை. 2025-இல் வந்த அமெரிக்க வரிச் சட்டம் உற்பத்திச் செலவில் 2.5 சதவீதத்தை 2029 வரை வரிச்சலுகையாகத் தருகிறது. அதுவும் இரண்டுக்கும் கிடைக்கும்.

இந்தத் துறையில் என் அனுபவம் மூன்று ஆண்டுக்கும் குறைவு. விலை இறங்குவதைத்தான் பார்த்திருக்கிறேன், 2022 மாதிரி ஏற்றத்தைப் பங்கு கையில் வைத்துக்கொண்டு பார்த்ததில்லை. விலை மறுபடி 300 டாலருக்குப் போனால், பங்கு எண்ணிக்கை இவ்வளவு குறைந்திருக்கும் ஆல்ஃபா வாரியரை முந்திக்கொண்டு ஓட வாய்ப்பு அதிகம். அப்படி நடக்கும் என்று உறுதியாக நம்புகிறவர் என் முடிவுக்கு நேர் எதிராகப் போகலாம். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. இந்தத் துறைக்கு ஒதுக்கியதில் நான்கில் மூன்று பங்கு வாரியர், ஒரு பங்கு ஆல்ஃபா. மொத்த முதலீட்டில் இரண்டும் சேர்ந்தே 4 சதவீதத்தைத் தாண்டாது. புளூ க்ரீக் முழுத் திறனில் ஓடியும் தொடர்ந்து இரண்டு காலாண்டு வாரியரின் மிச்சம் 35 டாலருக்குக் கீழே வந்தால், பாதியை விற்பேன்.