ஏற்காட்டுக்குக் குடிவரலாமா? மேலேயே தங்கிவிட்ட எங்கள் அனுபவம்

ஏற்காட்டில் வீடு பார்க்கலாமா, குடும்பத்தோடு வந்துவிடலாமா என்று கேட்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, உங்கள் வீட்டில் யாராவது வாரத்தில் எத்தனை நாள் கீழே இறங்கியாக வேண்டும் என்பதைத்தான். கீழே என்றால் சேலம். குளிர், பனி, காப்பித் தோட்டம் எல்லாம் அப்புறம் பேசிக்கொள்ளலாம். இந்த ஒன்றுக்கு உண்மையான பதில் கிடைத்துவிட்டால் பாதி முடிவு எடுத்த மாதிரிதான்.

நாங்கள் 2020-இல் ஊரடங்கு தளர்ந்த பிறகு வாடகைக்கு வீடு பிடித்து வந்தோம். கணவருக்குச் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மளிகை மொத்த வியாபாரம், எனக்கு வீட்டிலிருந்தபடியே சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதி ஜி.எஸ்.டி. தாக்கல் செய்கிற வேலை, பள்ளிக்கூடம் போகும் பையன், கூடவே அத்தை. இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறோம். எனக்கு இந்த ஊர் அவ்வளவு பிடித்துப்போயிற்று, கீழே போய்க் குடியிருக்கும் எண்ணமே இப்போது இல்லை. ஆனாலும் எல்லாரையும் வாருங்கள் என்று சொல்ல எனக்கு மனசு வராது, ஏனென்றால் வந்து ஒரு வருஷத்துக்குள் சாமான் கட்டிக்கொண்டு இறங்கிய குடும்பங்களை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன், அவர்களில் பலரை விரட்டியது குளிரோ மிருகமோ இல்லை, ரோடுதான்.

சேலம் கடல்மட்டத்திலிருந்து 280 மீட்டர் போல, ஏற்காடு 1,500 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். தூரம் என்று பார்த்தால் 30 கிலோமீட்டர் சொச்சம். சென்னைக்காரர்கள் மேப்பைப் பார்த்துவிட்டு, தாம்பரத்திலிருந்து பாரிமுனை போகிற தூரம்தானே, தினமும் போய் வரலாமே என்கிறார்கள். அடிவாரச் செக்போஸ்ட்டைத் தாண்டினால் 20 கொண்டை ஊசி வளைவு இருக்கிறது, எல்லாம் நன்றாக இருந்தால் ஒரு மணி நேரம், முன்னால் ஒரு லாரி மாட்டிக்கொண்டால் அவர் போகிற வேகத்தில்தான் நீங்களும். என் கணவர் ஆரம்பத்தில் தினமும் இறங்கி ஏறினார். இடுப்பும் போயிற்று, காரின் கிளட்ச் தட்டும் பிரேக் பேடும் போயிற்று. அப்புறம் கடையில் நம்பிக்கையான ஆளைப் போட்டு, அவர் இறங்குகிற நாட்களைக் குறைத்து, தீபாவளி மாதிரி சீசன் நேரத்தில் சேலம் அஸ்தம்பட்டியில் நாத்தனார் வீட்டிலேயே தங்கிக்கொள்வது என்று வைத்த பிறகுதான் குடும்பம் ஒரு நிலைக்கு வந்தது. கீழே ராத்தங்க ஒரு வீடு இருப்பது எவ்வளவு பெரிய வசதி என்பது மேலே இருக்கிறவர்களுக்குத்தான் தெரியும்.

வண்டி ஓட்டுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இறங்கும்போது இரண்டாவது கியரிலேயே இறங்க வேண்டும், பிரேக்கை மிதித்தபடியே வந்தால் பாதி மலையில் கருகல் வாசனை அடிக்கும், அதற்கு மேல் மிதித்தாலும் சரியாகப் பிடிக்காது. ஏறி வருகிற வண்டிக்குத்தான் வழிவிட வேண்டும், சுற்றுலா வருகிறவர்களில் பாதிப் பேருக்கு இது தெரியாது. கியர் இல்லாத ஸ்கூட்டரைத் தயவுசெய்து மலை ரோட்டுக்கு எடுக்காதீர்கள். அதில் இன்ஜின் இழுத்துப் பிடிக்காது, ஆள் பாரம் முழுக்கப் பிரேக் ஷூவில்தான் இறங்கும். ஊருக்குள் காய்கறி வாங்க ஓட்டலாம், அதோடு சரி.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து உள்ளே வந்து கொட்டியது பலருக்கும் ஞாபகம் இருக்கும். கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர், இங்கே 20-க்கு மேல். மலைப்பாதையில் மண்ணும் பாறையும் சரிந்து போக்குவரத்தை நிறுத்திவிட்டார்கள். கணவர் கீழே, நாங்கள் மூன்று பேரும் மேலே. கரண்ட் இல்லை, அதனால் செல்போன் டவரும் படுத்துவிட்டது. அரிசி, பருப்பு, கேஸ் எல்லாம் இருந்ததால் பசிக்குக் குறையில்லை, ஆனால் அவர் எங்கே இருக்கிறார், நாங்கள் எப்படி இருக்கிறோம் என்று இரண்டு பக்கமும் தெரியாமல் போனதுதான் பெரிய அவஸ்தை. குப்பனூர் வழியாக இன்னொரு ரோடு உண்டு, மெயின் ரோடு போனால் அதுதான் கதி. மே மாதம் கோடை விழா நடக்கும்போதும் ஒரு வழியில் ஏற்றி இன்னொரு வழியில் இறக்கிவிடுவது உண்டு, அந்த வாரம் சேலத்தில் வேலை எதுவும் வைத்துக்கொள்ளாமல் இருப்பது உத்தமம்.

உடம்புக்கு முடியாமல் போனால் என்ன செய்வீர்கள் என்பதுதான் அத்தையைக் கூட்டிவரும் முன் எங்களுக்கு இருந்த பெரிய கவலை. ஏற்காட்டில் அரசு மருத்துவமனை உண்டு, காய்ச்சல், தையல் போடுவது, நாய்க்கடி ஊசி எல்லாவற்றுக்கும் அங்கேதான் போகிறோம். இதயம், பக்கவாதம் மாதிரி விஷயம் என்றால் சேலத்துக்குத்தான் இறங்க வேண்டும். ஒரு ராத்திரி அத்தைக்கு மூச்சுத்திணறல் வந்து காரில் இறங்கினோம். மூடுபனி. ஹெட்லைட் வெளிச்சம் பத்தடிக்கு மேல் போகவில்லை, வெள்ளையாகத் திரும்பி நம் கண்ணிலேயே அடித்தது. கணவர் லைட்டைத் தாழ்த்திவிட்டு, ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி ரோட்டு வெள்ளைக் கோட்டைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார், நான் இந்தப் பக்கம் கைப்பிடிச் சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தேன், பின் சீட்டில் அத்தை "மெதுவாவே போங்கப்பா, எனக்கு ஒண்ணுமில்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நல்லபடியாக முடிந்தது. அதிலிருந்து நவம்பர் முதல் ஜனவரி வரை அத்தை அஸ்தம்பட்டியில்தான் இருக்கிறார், குளிரில் மூட்டு வலியும் அதிகமாகிறது என்பதால் அவருக்கும் அது சம்மதம்தான். அடிக்கடி டாக்டரிடம் போக வேண்டிய பெரியவர்கள் வீட்டில் இருந்தால், வாடகை எவ்வளவு என்று விசாரிக்கும் முன் இதை உட்கார்ந்து பேசுங்கள்.

சரி, வீட்டுக்குள் வருவோம். ஈரம். ஜூலையில் ஆரம்பித்து டிசம்பர் வரை துணி காயாது. அலமாரியில் மடித்து வைத்த பட்டுப்புடவை, தோல் செருப்பு, பெல்ட், கேமரா லென்ஸ் எல்லாவற்றிலும் பூசணம் பிடிக்கும். உப்பு ஜாடியில் தண்ணீர் கட்டும், அப்பளம் நமுத்துப் போகும், தேங்காய் எண்ணெய் பாட்டிலோடு உறைந்துவிடும். இட்லி மாவுதான் எனக்குப் பெரிய பாடமாக இருந்தது. சேலத்தில் ராத்திரி ஆட்டி வைத்தால் காலையில் பாத்திரம் வழியும், இங்கே இரண்டு நாள் ஆனாலும் சும்மா கிடக்கும். பக்கத்து மலைக்கிராமத்து அக்கா ஒருவர் சொல்லிக்கொடுத்ததைத்தான் இன்றைக்கும் செய்கிறேன்: வெந்தயம் கொஞ்சம் தூக்கலாகப் போட்டு, வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு ஆட்டி, கையாலேயே நன்றாகக் கரைத்து, தூக்குப் போசியில் ஊற்றிப் பழைய கம்பளியைச் சுற்றி, அடுப்பு மேடையில் சோறு வடித்த இடத்தில் வைத்துவிட வேண்டும். அதற்கும் ஒரு நாள் பிடிக்கும், ஆனால் இட்லி பூ மாதிரி வரும்.

வீடு பார்க்கும்போது எல்லாரும் காட்சி தெரிகிறதா என்று பார்க்கிறார்கள். வெயில் விழுகிறதா என்று பாருங்கள். காலை வெயில் சமையலறைக்கும் ஒரு படுக்கையறைக்கும் வந்தால் ஈரத் தொல்லை பாதியாகக் குறையும். சரிவின் நிழல் பக்கம் இருக்கிற வீடு ஏப்ரலில் சொர்க்கமாகத் தெரியும், அக்டோபரில் சுவரைத் தொட்டால் கை ஈரமாகும்.

தண்ணீர் பற்றி யாருமே கேட்பதில்லை, இவ்வளவு மழை பெய்கிற இடத்தில் தண்ணீருக்கு என்ன பஞ்சம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பெய்கிற மழை பாறைமேல் வழிந்து சரிவில் ஓடிவிடுகிறது. மார்ச் கடைசியில் ஊற்று மெலியத் தொடங்கும், ஏப்ரல் மே இரண்டு மாதமும் ஊர் முழுக்க விருந்தாளிகள், லாட்ஜும் காட்டேஜும் டேங்கர் பிடிக்கும், அந்த நேரத்தில் வீட்டுக்காரர்களும் டேங்கருக்குத்தான் நிற்க வேண்டும். நாங்கள் கூரைத் தண்ணீரைப் பிடிக்கத் தொட்டி கட்ட வீட்டுக்காரரிடம் அனுமதி வாங்கிக் கட்டினோம், எங்கள் செலவுதான், ஆனால் இந்த வீட்டில் செய்த செலவிலேயே உருப்படியானது அது. கரண்டும் அப்படித்தான். காற்று மழை வந்தால் சில்வர் ஓக் கிளை கம்பிமேல் விழும், இன்வெர்ட்டர் இல்லாமல் வீட்டிலிருந்து வேலை பார்க்க முடியாது. ஃபைபர் இணைப்பு சாதாரண நாட்களில் நன்றாகவே இருக்கிறது, தாக்கல் செய்யக் கடைசித் தேதி வரை நான் எதையும் வைத்துக்கொள்வதில்லை, அவ்வளவுதான்.

காட்டெருமை பற்றிக் கேட்காதவர்கள் இல்லை. இருக்கிறது, சாயங்காலம் காப்பித் தோட்டத்துக்குள்ளிருந்து ரோட்டுக்கு வரும். ஒரு நாள் இருட்டும் நேரத்தில் பால் வாங்கிக்கொண்டு வரும்போது வளைவில் எனக்கு இருபதடி முன்னால் ஒன்று நின்றது. தோள் என் தலைக்கு மேல் இருந்தது, நெற்றி சாம்பல் நிறம், முழங்காலுக்குக் கீழே வெள்ளைச் சாக்ஸ் போட்ட மாதிரி, மூச்சு விடும் சத்தம் காதில் கேட்டது. பின்னால் வந்த மலையாளிப் பெரியவர் ஒருவர், இந்த மலையின் பூர்வகுடி மக்களை அப்படித்தான் அழைக்கிறோம், தணிந்த குரலில் "ஓடாத கண்ணு, டார்ச்ச கீழ புடிச்சுக்கிட்டு அப்படியே பின்னால வா" என்றார். வந்தேன். அது எங்களைக் கண்டுகொள்ளாமல் இறங்கிப் போயிற்று. இருட்டிய பிறகு நடக்காமல் இருந்தால் அதனால் தொந்தரவு இல்லை. நிஜமான தினசரித் தொல்லை குரங்குதான், கம்பி வலை போடாத ஜன்னலைத் திறந்து வைக்கவே முடியாது.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஏன் இங்கேயே இருக்கிறேன் என்று கேட்பீர்கள். சேலத்தில் 40 டிகிரி காயும்போது இங்கே 30-ஐ ஒட்டித்தான் இருக்கும், ஏ.சி. கிடையாது, ஃபேன்கூட மதியம் மட்டும்தான். பையனுக்குச் சேலத்தில் மாதம் தவறாமல் வந்த மூச்சிளைப்பு இங்கே வந்தபிறகு அபூர்வமாகிவிட்டது, எல்லாக் குழந்தைக்கும் அப்படி ஆகும் என்று நான் சொல்லவில்லை, ஈரமும் பூசணமும் சிலருக்கு இளைப்பைக் கிளப்பிவிடும், எங்கள் வீட்டில் நடந்தது இது. அப்புறம் காப்பிப் பூ. மார்ச், ஏப்ரலில் கோடை மழை ஒன்று நன்றாகப் பெய்துவிட்டால், ஒரு வாரம் பத்து நாளில் மலை முழுக்க ஒரே நேரத்தில் வெள்ளையாகப் பூக்கும், மல்லிகையை நினைவுபடுத்தும் வாசனை, காலையில் ஜன்னலைத் திறந்தால் தேனீக்களின் இரைச்சல் வீட்டுக்குள் வரும். மூன்று நான்கு நாளில் எல்லாம் கருகி உதிர்ந்துவிடும். அந்த நாட்களில் நான் வேலையே எடுத்துக்கொள்வதில்லை.

பள்ளிக்கூடத்தைப் பொறுத்தவரை, ஏற்காட்டில் 1917-இல் தொடங்கிய மான்ட்போர்ட் மாதிரிப் பெயர் பெற்ற பள்ளிகள் உண்டு, வெளியூரிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கிறார்கள். எங்கள் பையன் படிப்பது ஒரு சின்னப் பள்ளி, போதுமானதாக இருக்கிறது. மேல்வகுப்புக்கு டியூஷன், நீட் பயிற்சி என்று போனால் சேலம்தான். அப்போது பையனையும் வாரநாளில் நாத்தனார் வீட்டில் விடுவதா என்று இப்போதே பேச்சு ஓடுகிறது.

கடைசியாக, நிலம் வாங்குகிற விஷயம். நாங்கள் வாங்கலாமா என்று நிறைய இடம் பார்த்துக்கொண்டிருக்கிறோம், இதில் எனக்கு ஒரு வருத்தமும் இருக்கிறது. ஏற்காட்டில் நாம் காடு என்று பார்த்துச் சந்தோஷப்படுவதில் பெரும்பகுதி காப்பித் தோட்டம். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில் வந்த பயிர் அது, சில்வர் ஓக், பலா, கல்யாண முருங்கை என்று நிழல் மரங்களும் அவற்றில் ஏறிய மிளகுக் கொடியுமாகத்தான் இந்தப் பச்சை நிற்கிறது. தோட்டத்தைத் துண்டு போட்டு வில்லா மனையாக விற்கும்போது முதலில் போவது அந்த மரங்கள், அப்புறம் கீழே இருக்கிற கிராமத்தின் ஊற்று. அதனால் மரத்தை மொட்டையடித்துச் சமப்படுத்திய மனையை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் நாங்கள் வாங்குவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். சட்டப்படியும் மலைப்பகுதியில் மனைப்பிரிவுக்கு ஹாக்கா எனப்படும் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் அனுமதி வேண்டும், மரம் வெட்ட 1955-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தனி அனுமதி வேண்டும். அனுமதிக்கு விண்ணப்பித்திருக்கிறோம் என்று புரோக்கர் சொல்வதை நம்பி முன்பணம் கொடுக்காதீர்கள், ஆணையையே கையில் வாங்கிப் பாருங்கள். வில்லங்கம், பட்டா, புலப்படம் மூன்றையும் வக்கீலிடம் காட்டுங்கள், அரசு நிபந்தனையோடு ஒப்படைத்த நிலத்துக்கான நிபந்தனைப் பட்டா என்றால் தொடவே தொடாதீர்கள். நாங்கள் பார்த்த இடங்களில் ஒன்று எல்லாமே சரியாக இருந்தது, விலைகூடப் பேசி முடித்துவிட்டோம். மனைக்குப் போகிற வண்டிப்பாதை பக்கத்துத் தோட்டத்துக்காரர் பட்டாவில் இருந்தது, தண்ணீர் வருகிற ஊற்றும் அவர் எல்லைக்குள்தான், இரண்டுக்கும் எழுத்தில் எந்த உரிமையும் இல்லை. இத்தனை வருஷமாக விட்டுக்கொண்டுதானே இருக்கிறார் என்றார் புரோக்கர். பாதையையும் ஊற்றையும் பத்திரத்தில் ஏற்றித் தந்தால் வாங்குகிறோம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறோம், இன்னும் பதில் வரவில்லை.