மண்டபம் பக்கம் மாத்திரை அட்டைய வெட்டிக் குடுத்தா பேரையும் விலையையும் பாத்து வாங்குங்க

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் ஆளுங்க இத படிச்சிருங்க. கடை பேர் போடல, போட்டா வீட்டு வாசல்ல வந்து நிப்பாங்க.

எங்க அத்தாவுக்கு சுகர், ஹார்ட்டும் கொஞ்சம் வீக்கு, மதுரை டாக்டர் எழுதுனது ஜார்டியன்ஸ் 10 மி.கி., அது பிராண்ட் பேரு, உள்ள இருக்குற மருந்து எம்பாகிளிஃப்ளோசின். ஒரு மாத்திரை 60 ரூபா கிட்ட, மாசத்துக்கு 1800. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம், படகு கரையில கெடக்கு, அரசாங்கம் குடுக்குற 8000த்த வச்சுத்தான் வீடே ஓடணும், அதுல இந்த ஒரு மாத்திரைக்கே இவ்வளவு போனா எங்க போறது, அதனால ஊர்ல ஒரு மெடிக்கல்ல நோட்டுல எழுதி கடனுக்கு வாங்குனோம். கடன் வாங்குற எடத்துல வாயத் தொறந்து கேள்வி கேக்க முடியுமா சொல்லுங்க. அப்படியும் அண்ணன் "விலை கம்மில வேற கம்பெனி இல்லையா"ன்னு கேட்டுச்சு. "இதுக்கு மாத்தே கிடையாது பாய், வெளிநாட்டுச் சரக்கு"ன்னுட்டாரு கடைக்காரரு.

பச்சப் பொய். அந்த மருந்தோட பேட்டன்ட், அதாவது ஒரே கம்பெனி மட்டும் விக்கிற உரிமை, நம்ம நாட்டுல 2025 மார்ச்லயே முடிஞ்சு போச்சு, முடிஞ்ச கையோட இங்க உள்ள கம்பெனிங்க வரிசையா இறக்கிட்டாங்க, சிலது ஒரு மாத்திரை 6 ரூபாக்குள்ள.

கூத்து இனிமேத்தான். அவரு எப்பவும் அட்டைய கத்திரிச்சு கவர்ல போட்டு பில் இல்லாமத்தான் குடுப்பாரு. கடைக்குப் புதுசா வந்த பையன் தெரியாம முழு அட்டையா குடுத்துட்டான். தங்கச்சி மக திருப்பிப் பாத்தா எம்பாகிளிஃப்ளோசின்னு பெருசா, கீழ ஏதோ வேற பிராண்டு, விலை பத்து மாத்திரைக்கு நூறு ரூபா கூட இல்ல! வீட்ல கெடந்த பழைய துண்டு அட்டைய தேடி எடுத்து ஒட்ட வச்சுப் பாத்தோம், அதே அட்டைதான். மாத்து இல்லன்ன மனுஷன் எங்களுக்கு வித்ததே மாத்து மாத்திரை, ஜார்டியன்ஸ் விலைக்கு.

கேட்டா "மருந்து ஒண்ணுதான, வேலை செய்யுதுல்ல"ங்குறாரு. செய்யுது, அத்தாவுக்கு சுகர் கட்டுக்குள்ளதான் இருக்கு, ஜெனரிக் மேல, அதான் அதே மருந்த வேற கம்பெனி கம்மி விலைக்குப் போடுறது, எங்களுக்கு ஒரு குறையும் இல்ல. ஆனா அட்டையில போட்ட விலைக்கு மேல வாங்குறது குத்தம், டாக்டர் எழுதுன பிராண்ட கடைக்காரரா மாத்திக் குடுக்கவும் சட்டத்துல எடம் கெடையாது.

டாக்டர்கிட்டயே பிராண்டுக்குப் பதிலா மருந்துப் பேர எழுதச் சொல்லி வாங்கிக்கங்க, முதல்வர் மருந்தகம், மக்கள் மருந்தகம் ரெண்டுலயும் விசாரிங்க, எங்க வாங்குனாலும் பேட்ச் நம்பரோட பில் கேளுங்க. இதே மருந்து மெட்ஃபார்மின், லினாகிளிப்டின்னு வேற சுகர் மருந்துங்களோட சேத்தும் வருது, 25 மி.கி.யும் இருக்கு, விலை கம்மின்னு அத தூக்கிட்டு வந்துராதீங்க.

அண்ணன் ராம்நாடு போயி மருந்து ஆய்வாளர்கிட்ட அட்டையோட எழுதிக் குடுத்துருச்சு. கடைக்காரரு இப்பவும் நோட்டு பாக்கி கேட்டு ஆள் அனுப்புறாரு. அட்டை விலைக்குக் கணக்குப் போட்டா அவருதான் எங்களுக்குத் தரணும்.