நெல்லையிலிருந்து சென்னைக்குப் பறக்க: வாகைக்குளமா, மதுரையா?

திருநெல்வேலியிலிருந்து சென்னைக்கு விமானம் ஏற மூன்று பக்கம் ஓடலாம். கிழக்கே வாகைக்குளம், அதாவது தூத்துக்குடி விமான நிலையம், வடக்கே மதுரை, மலையைத் தாண்டினால் திருவனந்தபுரம். டிக்கெட் எடுக்கும்போது முதலில் கட்டணத்தைப் பார்ப்போம், அப்புறம் பறக்கும் நேரத்தை. ஆளை ஏமாற்றுவது இந்த இரண்டாவதுதான்.

சென்னையிலிருந்து நேர்கோட்டில் அளந்தால் மதுரை சுமார் 415 கிலோமீட்டர், தூத்துக்குடி 525, திருவனந்தபுரம் 610. அப்படியானால் திருவனந்தபுரத்துக்குத்தானே அதிக நேரம் பிடிக்கும்? அதுதான் இல்லை. அங்கே போவது ஜெட், மேலே ஏறிவிட்டால் மணிக்கு 800 கிலோமீட்டரைத் தாண்டும். வாகைக்குளத்துக்கு இத்தனை வருடமாக வந்துபோனது ஏடிஆர், விசிறி வைத்த சின்ன விமானம், 500ஐ ஒட்டித்தான் ஓடும். அதனால் 85 கிலோமீட்டர் வித்தியாசம் இருந்தும் டிக்கெட்டில் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம்தான் போட்டிருக்கும். மதுரைக்கு ஜெட் கிடைத்தால் கால் மணி நேரம் குறையும்.

அந்தக் கால் மணி நேரத்துக்காக மதுரைக்கு ஓடினால் என்ன ஆகும்? நான்குவழிச் சாலையில் 150 கிலோமீட்டர், கயத்தாறு, எட்டூர்வட்டம், கப்பலூர் என்று மூன்று டோல்கேட், நடுவில் ஒரு டீ, ஆக இரண்டரை மணி நேரம் ரோட்டிலேயே போய்விடும். வாகைக்குளம் பாளையங்கோட்டையைத் தாண்டி அரை மணி, முக்கால் மணி நேரம்தான், தூத்துக்குடி பஸ்ஸில் ஏறியே போய்விடலாம். வீட்டு வாசலிலிருந்து மீனம்பாக்கத்தில் பெட்டி எடுக்கும் வரை என் கணக்கில் வாகைக்குளம் வழி நான்கு மணி நேரம், மதுரை வழி ஐந்தரை. வந்தே பாரத் எழும்பூருக்கே எட்டு மணி நேரத்துக்குள் போய்விடுகிறது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், மதுரைக்கு ஓடுவது அவ்வளவு லாபமாகத் தெரியாது.

ஏடிஆரில் ஏறாதவர்களுக்கு ஒன்று: பின்பக்கக் கதவு வழியாகத்தான் ஏற வேண்டும், தலைக்கு மேல் பெட்டி வைக்கும் இடம் சின்னது, வீல் வைத்த பை சில சமயம் நுழையவே நுழையாது. ஆனால் இறக்கை மேலே இருப்பதால் எந்த ஜன்னலிலும் தரை மறையாது. ஜெட் அளவுக்கு உயரமாகவும் பறக்காது, கண்மாய்களை எண்ணிக்கொண்டே வரலாம். ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் மேகத்துக்குள் நல்ல குலுக்கல் உண்டு. ஒருமுறை மழையில் இரண்டு மணி நேரம் தாமதமாகி, எனக்கு முன்னால் ரயிலில் கிளம்பிய மச்சான் "எங்கடா இருக்க?" என்று கேட்கும்படி ஆகிவிட்டது.

வாகைக்குளத்தில் முன்பு ஓடுபாதை வெறும் 1,350 மீட்டர், பெரிய விமானம் இறங்க வழியே இல்லை. இப்போது அதை 3,115 மீட்டராக நீட்டி, 2025 ஜூலையில் புது முனையமும் திறந்துவிட்டார்கள். ஜெட் வரத்து நிலைத்துவிட்டால் சென்னைக்குப் போக மதுரை பக்கம் திரும்பவே வேண்டாம். கொழும்பு, துபாய் என்றால் மதுரையோ திருவனந்தபுரமோதான், அது வேறு கணக்கு.

குடும்பத்தோடு நான்கு பேர் போகிறோம், அவசரமில்லை என்றால் நான் இன்னும் நெல்லை எக்ஸ்பிரஸ்தான். ராத்திரி ஏறிப் படுத்தால் காலையில் எழும்பூர்.