மூழ்கினாலும் எரியும் எல்இடி டிரெய்லர் விளக்கு செட்: விளக்குக்கு 5, கூட வந்த கிளிப்புக்குப் பூஜ்யம்

ஹூஸ்டனில் இருக்கிறேன். 16 அடி அலுமினியப் படகை இழுத்துக்கொண்டு கால்வெஸ்டன் விரிகுடாவுக்கு மீன் பிடிக்கப் போவது வழக்கம். டிரெய்லரில் இருந்த பழைய குண்டு பல்புகளுக்கும் உப்புத் தண்ணீருக்கும் ஆகவே ஆகாது. வழியெல்லாம் பிரேக் போட்டுச் சூடேறிய பல்பு, படகை இறக்கும் ராம்ப்பில் தண்ணீருக்குள் இறங்கியதும் விரிசல் விடும். தப்பித்தாலும் ஹோல்டருக்குள் பச்சைக் களிம்பு ஏறிவிடும். வெறுத்துப்போய்த்தான் இந்தச் செட்டை வாங்கினேன்.

விளக்கில் குறை சொல்ல ஒன்றுமில்லை. முழுக்க சீல் செய்தது, தண்ணீர் புக வழியே கிடையாது. டெக்சாஸ் மத்தியான வெயிலிலும் பிரேக் லைட் பளிச்சென்று தெரிகிறது. இடது விளக்கின் அடியில் நிறமில்லாத ஒரு சின்ன ஜன்னல் இருக்கும். நம்பர் பிளேட்டுக்கு வெளிச்சம் அதிலிருந்துதான். எனவே வலதையும் இடதையும் மாற்றிப் பூட்டக் கூடாது.

வாங்கும் முன் டேப்பை எடுத்து டிரெய்லரின் அகலத்தை அளந்துவிடுங்கள். டிரெய்லரின் சட்டத்தை (ஃப்ரேமை) அல்ல, ஒரு மட்கார்டின் வெளி விளிம்பிலிருந்து மறு மட்கார்டின் வெளி விளிம்பு வரை. இந்தச் செட் 80 அங்குலத்துக்குக் குறைவானவற்றுக்கு மட்டும். 80 அல்லது அதற்கு மேல் என்றால், அமெரிக்க மத்திய அரசின் பாதுகாப்பு விதி 108-இன்படி பின்பக்க நடுவில் வரிசையாக மூன்று சிவப்பு விளக்குகள் வேண்டும். அகலத்தைக் காட்டும் விளக்குகளும் வேண்டும்; அதில் படகு டிரெய்லருக்கு ஒரு சலுகை உண்டு: நான்கு மூலையிலும் வைக்காமல், பக்கத்துக்கு ஒன்றாக நடுவாக்கில், முன்னால் மஞ்சளும் பின்னால் சிவப்பும் தெரியும்படி வைத்தால் போதும். இவை எதுவும் இந்தப் பெட்டியில் கிடையாது.

இனி அந்தக் கிளிப். வயரோடு வயரை இணைக்கக் கொடுத்தது; வயரின் தோலைக் கிழித்துக்கொண்டு செம்பைக் கவ்வும் நீல நிற கிளிப்தான். நனையாத இடத்தில் சரி, உப்புத் தண்ணீரில் வேலைக்கு ஆகாது. கிழிந்த இடம் வழியாகத் தண்ணீர் ஏறி, செம்பு உள்ளுக்குள்ளேயே கறுத்துவிடும். நான் அவற்றைக் குப்பையில் போட்டுவிட்டு, சூடு காட்டினால் சுருங்கி ஒட்டிக்கொள்ளும் பசை வைத்த இணைப்பான்களைப் போட்டேன்.

வயரில் பழுப்பு டெயில் லைட், மஞ்சள் இடது பிரேக்-இண்டிகேட்டர், பச்சை வலது பிரேக்-இண்டிகேட்டர், வெள்ளை எர்த் (மின்சாரம் திரும்பிப் போகும் வழி). வெள்ளை வயரை முன்பக்கம் சட்டத்தில் ஒரு ஸ்குரூ போட்டு முடிக்கச் சொல்கிறது குறிப்புத்தாள். அதாவது எர்த் முழுவதும் சட்டத்தையும் விளக்கின் போல்ட்டையும் நம்பியே ஓட வேண்டும். அங்கே துருப் பிடித்தால் போச்சு: விளக்குகள் மங்கும், விட்டுவிட்டு எரியும், சில நேரம் எரியாமலே போகும். பலர் விளக்கைக் கழற்றிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கோளாறு பெரும்பாலும் எர்த்தில்தான். நான் தனியாக ஒரு வெள்ளை வயரை இரண்டு விளக்கு வரைக்கும் இழுத்துவிட்டேன். அந்த வயரையும் இணைப்பான்களையும் விளக்கோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள்.

அப்புறம், உங்கள் காரில் பிரேக்கும் இண்டிகேட்டரும் தனித்தனி பல்பாக இருந்தால், நடுவில் அந்த இரண்டு சிக்னலையும் ஒரே வயரில் சேர்த்துத் தரும் ஒரு கன்வெர்ட்டர் பெட்டி வேண்டும். டிரெய்லரில் இரண்டு வேலையையும் ஒரே விளக்குதான் செய்கிறது. அதற்காக இந்தச் செட்டின் மார்க்கைக் குறைக்க மாட்டேன்.