லண்டனில் அறிவியல் உரைகள்: எதற்கு நேரில் போகலாம், எதை வீட்டிலேயே பார்க்கலாம்

லண்டனில் இலையுதிர் காலம் தொடங்கியதிலிருந்து கோடை வரைக்கும் அறிவியல் உரைக்குப் பஞ்சமே கிடையாது. பலவற்றுக்குக் காசும் வேண்டாம். நிறைய உரைகள் சில வாரத்தில் யூடியூபிலும் ஏறிவிடும். அப்படியிருக்க, வேலை முடிந்த களைப்போடு ஹாரோவிலிருந்தோ ஈஸ்ட் ஹாமிலிருந்தோ ரயிலேறி ஊர் நடுவுக்குப் போவானேன்? திரையில் கிடைக்காத ஏதோ ஒன்று அரங்கில் கிடைக்க வேண்டும். கிடைத்தால் போகலாம், இல்லையென்றால் வீட்டிலேயே பார்க்கலாம். ஒவ்வோர் இடத்தையும் இந்த ஓர் அளவுகோலை வைத்தே இங்கே மதிப்பிடுகிறோம்.

முதலில் ராயல் இன்ஸ்டிட்யூஷன். 1799-ல் தொடங்கிய இந்த நிறுவனம் கிரீன் பார்க் நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடையில், ஆல்பமார்ல் தெரு 21-ஆம் எண்ணில் இருக்கிறது. இங்கே வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவி பேசுகிறார் என்றால் குதிரை வண்டிகள் வந்து குவியுமாம். அந்த நெரிசலால்தான் இந்தத் தெரு லண்டனின் முதல் ஒருவழிப் பாதை ஆனது என்று சொல்வார்கள். சுமார் 400 பேர் உட்காரக்கூடிய அரங்கம் அது. படிக்கிணறு மாதிரி அரைவட்டமாக, செங்குத்தாக இறங்கி, அடியில் ஒரு நீள மேசையில் போய் முடிகிறது. ஒலிவாங்கியும் திரையும் இல்லாத காலத்தில், மேசைமேல் நடக்கும் சோதனையைக் கடைசி வரிசைக்காரரும் பார்க்க வேண்டும் என்று கட்டியது. இன்றைக்கும் அதன் பலம் அதுதான்.

இருக்கை விஷயத்தில் கொஞ்சம் கவனம் வேண்டும். அரைவட்டத்தின் இரு முனைகளில் உட்கார்ந்தால் திரை சாய்வாகத் தெரியும், வரைபடத்தில் எண்களைப் படிக்க முடியாது. நடுப்பகுதியில் நான்காவது ஐந்தாவது வரிசைதான் சரியான இடம். மேல் மாடத்தில் மேசை தலைக்கு நேர் கீழே தெரிவதால் சோதனை பார்க்க நன்றாகவே இருக்கும். ஆனால் படிகள் செங்குத்து, கால் நீட்ட இடம் குறைவு. மூட்டு வலி உள்ள அப்பா அம்மாவைக் கூட்டிப்போகிறவர்கள் முன்பதிவு செய்யும்போதே சொல்லிப் படியில்லாத இடம் கேட்டுவிடுவது நல்லது.

இங்கே நடப்பதை மூன்றாகப் பிரிக்கலாம். முதலாவது சோதனை காட்டும் நிகழ்ச்சி. இதற்குக் கண்ணை மூடிக்கொண்டு டிக்கெட் வாங்கலாம். ஓர் எடுத்துக்காட்டு: வெறும் ஹைட்ரஜன் நிரப்பிய பலூனில் நெருப்பு வைத்தால் 'புஸ்'ஸென்று ஆரஞ்சு நிறத்தில் ஒரு சுவாலை எழும், அவ்வளவுதான். இரண்டு பங்கு ஹைட்ரஜனுக்கு ஒரு பங்கு ஆக்சிஜன் கலந்த பலூன் என்றால் சத்தம் காதில் கேட்பதற்கு முன் நெஞ்சில் இடிக்கும். முதல் பலூனில் வாயு சுற்றியுள்ள காற்றோடு கலக்கக் கலக்கத்தான் எரிகிறது. இரண்டாவதில் எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜன் உள்ளேயே தயாராக இருப்பதால் எல்லாம் ஒரே கணத்தில் முடிந்துவிடுகிறது. காணொளியில் ஒலிப்பதிவுக் கருவி பெரிய சத்தத்தை வெட்டிச் சமன் செய்துவிடும். அதனால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதி காணாமல் போய்விடும். வேதியியல் படிக்கும் பிள்ளைக்கு இந்த வித்தியாசம் ஒருமுறை உடம்பில் பட்டுவிட்டால் பிறகு மறக்காது. சின்னக் குழந்தைகளுக்கு மட்டும் காதுக்கு ஏதாவது கொண்டுபோங்கள்.

இரண்டாவது, புதிதாக நூல் எழுதியவர்கள் வந்து பேசுவது. மாலை உரைகளில் இந்த வகை நிறைய. பேச்சாளர்கள் கெட்டிக்காரர்கள்தான், ஆனால் பல ஊர்களில் பேசிப் பேசித் தேய்ந்த உரையாக இருப்பதுண்டு. நூலின் முதல் அத்தியாயமும் நான்கு படங்களுமாக அது முடிந்துவிடும். நூலைப் படித்தாயிற்று என்றால் போகத் தேவையில்லை, நிறுவனத்தின் யூடியூப் பக்கத்தில் பார்த்துக்கொள்ளலாம். படிக்காதவர்களும் கேள்வி நேரத்துக்காகத்தான் போக வேண்டும்.

மூன்றாவது, மைக்கேல் ஃபாரடே 1825 வாக்கில் தொடங்கிவைத்த வெள்ளிக்கிழமை மாலை உரை. இதன் மரபே தனி. அறிமுகம், வணக்கம், நன்றியுரை எதுவும் கிடையாது. மணி அடிக்கும்போது பேச்சாளர் உள்ளே வந்து நேராக விஷயத்தில் இறங்குவார், ஒரு மணி நேரத்தில் நிறுத்துவார். சார்லஸ் வீட்ஸ்டன் என்ற இயற்பியலாளர் கடைசி நிமிடத்தில் பயந்து ஓடிவிட்டார், அதிலிருந்துதான் பேச்சாளரை முன்கூட்டியே அறையில் வைத்துப் பூட்டுகிறார்கள் என்று ஒரு கதை உலவுகிறது. 1897 ஜனவரி 29 அன்று ஜகதீஷ் சந்திர போஸ் மின்காந்த அலைகளைப் பற்றி இங்கே பேசினார். மூன்று மாதம் கழித்து, ஏப்ரல் 30 அன்று, அணுவைவிடச் சிறிய துகள் ஒன்று இருக்கிறது என்று ஜே. ஜே. தாம்சன் அறிவித்ததும் இங்கேதான். அதைத்தான் இன்று எலக்ட்ரான் என்கிறோம். சுற்றி வளைக்காத பேச்சு பிடிக்கும் என்றால் இதைவிட நல்ல ஒரு மணி நேரம் இந்த ஊரில் கிடைப்பது கடினம். தாமதமாக வந்தால் உள்ளே விடுவார்கள் என்று நம்பிப் போகாதீர்கள்.

1825-ல் தொடங்கிய கிறிஸ்துமஸ் உரைகளுக்கு ஆசைப்படும் பெற்றோர் அதிகம். இருக்கைகளைக் குலுக்கல் முறையில் ஒதுக்குகிறார்கள். 1966 முதல் தொலைக்காட்சியில் வருவதால் நேரில் பார்ப்பது உண்மையில் ஒரு படப்பிடிப்பு. ஒரு காட்சியை மறுபடி எடுப்பார்கள், கேமராவை நகர்த்துவார்கள், ஒளிபரப்பாகும் நேரத்தைவிட நெடுநேரம் உட்கார வேண்டியிருக்கும். பத்து வயதுக்குக் கீழே என்றால் பொறுமை போய்விடும். வீட்டில் பார்க்கவிட்டு, விடுமுறைக் காலக் குடும்ப நிகழ்ச்சிக்குக் கூட்டிப்போவது மேல்.

மாலை உரைக்கு வருகிறவர்கள் முடிந்தால் பகலிலேயே வந்துவிடுங்கள். கீழ்த்தளத்தில் ஃபாரடே அருங்காட்சியகம் வார நாட்களில் பகலில் இலவசம். 1831 ஆகஸ்ட் 29 அன்று அவர் பயன்படுத்திய இரும்பு வளையம் அங்கே இருக்கிறது. உள்ளங்கையைவிடச் சற்றே பெரிய வளையம் அது. எதிரெதிர்ப் பக்கங்களில் கம்பிச் சுருள், கம்பிகள் ஒன்றையொன்று தொடாதபடி நடுநடுவே துணியும் நூலும். ஒரு சுருளில் மின்சாரத்தை இணைக்கும்போதும் துண்டிக்கும்போதும் மட்டும் மறு சுருளின் கம்பிக்குப் பக்கத்தில் வைத்த காந்த ஊசி துள்ளியது. மின்சாரம் ஓடிக்கொண்டே இருந்தபோது அசையவில்லை. இன்று தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் வேலை செய்வதும் இதே தத்துவத்தில்தான். அந்தத் துணிச் சுற்றைக் கிட்ட நின்று பாருங்கள், கையால் சுற்றியது என்பது தெரியும்.

அடுத்தது கிரெஷாம் கல்லூரி. 1597 முதல் பொதுமக்களுக்கு இலவச உரை நடத்துகிறது. சேர்க்கை, தேர்வு, பட்டம் எதுவுமில்லை. 1660 நவம்பர் 28 அன்று கிறிஸ்டோபர் ரென் இங்கே பேசி முடித்தபின் கூடிய கூட்டத்தில்தான் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் சங்கம் பிறந்தது. இப்போது உரைகள் பெரும்பாலும் ஹோல்போர்னில் பார்னார்ட்ஸ் இன் மண்டபத்தில் நடக்கின்றன, சான்சரி லேன் நிலையம் பக்கம். மண்டபம் பழமையானது, அழகானது, ஆனால் சிறியது. தரை சமம் என்பதால் முன்னால் இருப்பவர் தலை திரையை மறைக்கும், நடைபாதை ஓர இருக்கை பிடிப்பது புத்திசாலித்தனம். உள்ளடக்கம் என்று பார்த்தால் லண்டனில் இதற்குத்தான் முதலிடம் கொடுப்போம். பேராசிரியர் ஒருவர் ஆண்டுக்கு ஆறு உரை என்று தொடராகப் பேசுவதால் ஆழம் கிடைக்கிறது. ஆனாலும் எங்கள் அளவுகோலில் இது வீட்டிலேயே பார்க்க வேண்டியது! நேரலை உண்டு, பதிவு உண்டு, உரையின் எழுத்து வடிவத்தையும் இணையத்தில் போடுகிறார்கள். நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம், ஆங்கிலப் பேச்சின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாதவர்கள் எழுத்தில் தொடரலாம். தொடரின் நடுவில் மட்டும் நுழையாதீர்கள், முதல் உரையிலிருந்து வாருங்கள். கணிதத் தொடர் என்றால் இரண்டாவது உரையிலேயே அடித்தளம் விட்டுப்போய்விடும்.

பிக்கடில்லியில் பர்லிங்டன் ஹவுஸில் ராயல் அஸ்ட்ரனாமிகல் சொசைட்டி இருக்கிறது. பொதுமக்களுக்கான இலவச வானியல் உரைகள் தெளிவானவை, படங்கள் நிறைந்தவை. பதிவு செய்துவிட்டுப் போனால் போதும். ஆனால் தமிழர்கள் ஒருமுறையாவது உட்கார வேண்டியது வேறொன்று: ஆய்வாளர்களின் வெள்ளிக்கிழமைக் கூட்டம். 1935 ஜனவரி 11, அதுவும் ஒரு வெள்ளிக்கிழமை. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து வந்த 24 வயது சந்திரசேகர், சூரியனைப் போல் ஏறக்குறைய 1.4 மடங்குக்கு மேல் நிறையுள்ள விண்மீன், எரிபொருள் தீர்ந்தபின் வெண் குள்ளனாக (சுருங்கி அடர்ந்த விண்மீன் எச்சமாக) நிலைத்திருக்க முடியாது என்ற தன் கணக்கை இந்தச் சங்கத்தில் முன்வைத்தார். அடுத்ததாக எழுந்த புகழ்பெற்ற வானியலாளர் எடிங்டன், விண்மீன் அப்படி அபத்தமாக நடந்துகொள்ளாமல் தடுக்க இயற்கையில் ஒரு விதி இருக்க வேண்டும் என்ற பொருளில் பேச, அரங்கம் சிரித்தது. கணக்கு சரியாகவே இருந்தது. நோபல் பரிசு 1983-ல் வந்தது. கூட்டத்தின் பேச்சு வானியலாளர்களுக்கானது, சமன்பாடு வரும், யாரும் நின்று விளக்க மாட்டார்கள். உறுப்பினர் அல்லாதவர்கள் போகுமுன் அந்த மாத அனுமதி விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். நிபுணர்கள் ஒருவரையொருவர் மறுத்துப் பேசுவதை எதிரில் உட்கார்ந்து பார்ப்பது எந்தக் காணொளியிலும் கிடைக்காத படிப்பு.

ராயல் சொசைட்டியில், கோடையில் நடக்கும் கண்காட்சிக்குத்தான் எங்கள் ஓட்டு. கார்ல்டன் ஹவுஸ் டெரஸ் கட்டடம், அனுமதி இலவசம். சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் 2015 முதல் 2020 வரை தலைவராக இருந்த சங்கம் இது. ஒவ்வொரு கடையிலும் ஆய்வைச் செய்தவர்களே நிற்கிறார்கள். 'இது என்ன?' என்று கேட்டால் மனப்பாடமான பதில் வரும். 'இதில் எது சரியாக வரவில்லை?' என்று கேட்டுப் பாருங்கள், பத்து நிமிடம் பேசுவார்கள். வார நாள் பகலில் பள்ளிக் கூட்டம், சனி ஞாயிறில் குடும்பக் கூட்டம். திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சயின்ஸ் மியூசியத்தின் பெரியவர்களுக்கான இரவு நிகழ்ச்சி ஜாலியானது, ஆனால் இசைக்கும் கூட்டத்துக்கும் நடுவில் உரை கேட்பது சிரமம். 2013-ல் தொடங்கிய பைண்ட் ஆஃப் சயின்ஸ், மே மாதம் மூன்று மாலைகளில் பப்களில் நடக்கும். கேள்விகள் தயக்கமில்லாமல் வரும், பிள்ளைகளுக்கு ஏற்ற இடமல்ல, டிக்கெட் சீக்கிரம் தீரும். பலருக்குத் தெரியாத நல்ல சரக்கு, இம்பீரியல், யூசிஎல், கிங்ஸ் கல்லூரிகளில் புதிதாகப் பேராசிரியர் ஆனவர்கள் நிகழ்த்தும் தொடக்கவுரை. வாழ்நாள் வேலையை வீட்டாரும் மாணவர்களும் எதிரில் இருக்க ஒரு மணி நேரத்தில் சொல்ல வேண்டும் என்பதால் அக்கறையோடு தயாரித்து வருவார்கள். பெரும்பாலும் இலவசம்.

இலவச டிக்கெட்டில் ஒரு சிக்கல் உண்டு. பதிவு செய்தவர்களில் பலர் வரமாட்டார்கள் என்பதால் இருக்கைக்கு மேல் டிக்கெட் கொடுப்பதும், தொடங்குவதற்குச் சில நிமிடம் முன் காலி இடங்களைக் காத்திருப்போருக்கு விடுவதும் வழக்கம். கையில் டிக்கெட் இருந்தாலும் இருபது நிமிடம் முன்னால் போங்கள். டிக்கெட் கிடைக்காதவர்களும் அதே இருபது நிமிடத்தை நம்பிப் போகலாம். திரும்பும்போது கிரீன் பார்க்கிலிருந்து ஈஸ்ட் ஹாமுக்கு ஜூபிலி ரயிலில் வெஸ்ட் ஹாம், அங்கே டிஸ்ட்ரிக்ட். ஹாரோவுக்கு ஜூபிலியில் வெம்பிளி பார்க், பிறகு மெட்ரோபாலிட்டன். டூட்டிங்குக்கு விக்டோரியா ரயிலில் ஸ்டாக்வெல், பிறகு நார்தர்ன்.

கடைசியாக, உரையே இல்லாத ஓர் இடம். ஹாம்ப்ஸ்டெட் மேட்டில் தன்னார்வலர்கள் நடத்தும் சிறிய வானாய்வகம். குளிர்காலத்தில், வானம் தெளிந்த வெள்ளி, சனி இரவுகளில் பொதுமக்களுக்குத் திறப்பது வழக்கம். மேகம் என்றால் திறக்காது, பராமரிப்புக்காக மூடுவதும் உண்டு, கிளம்புமுன் அவர்கள் அறிவிப்பைப் பாருங்கள். ஆறு அங்குல வில்லைத் தொலைநோக்கி. தொலைநோக்கி இருக்கும் குவிமாடத்துக்குள் ஹீட்டர் இருக்காது, சூடான காற்று எழுந்தால் பிம்பம் கானல்போல் அலையும். அதனால் கம்பளிச் சட்டை கட்டாயம். கண்ணைக் கண்வில்லையில் அழுத்தாதீர்கள், குழாயைப் பிடிக்கவும் வேண்டாம், தொட்டாலே பிம்பம் ஆடும். ஒரு விரற்கடை தள்ளி நின்று, மற்றக் கண்ணை இறுக்கி மூடாமல், அரை நிமிடம் பொறுத்துப் பாருங்கள். சனி கோள் வானில் இருக்கும் மாதமென்றால், முதலில் நீள்வட்டமாகத் தெரிந்த புள்ளி மெல்லப் பிரிந்து, கோளும் அதைச் சுற்றிய வளையமும் தனித்தனியாகத் தெரியும். வழிக்கு ஹாம்ப்ஸ்டெட் நிலையம். சுரங்க ரயிலில் மிக ஆழமான நிலையம் அதுதான். படியில் ஏறினால் 320 படி, லிஃப்டுக்கு நில்லுங்கள்.