பார்சிலோனாவில் வார இறுதிக்கு வீடு எடுப்பவர்கள் கவனத்திற்கு

வெள்ளிக்கிழமை மாலை பார்சிலோனாவுக்குப் போய் ஞாயிறு இரவு திரும்பிவிடலாம் என்று திட்டமிடுபவர்கள், அதிலும் சிறு பிள்ளைகளையும் வயதானவர்களையும் உடன் அழைத்துச் செல்பவர்கள், ஓட்டல் அறைக்குப் பதிலாகச் சுற்றுலா வீடு ஒன்றை வாடகைக்கு எடுக்க நினைத்தால், பணம் கட்டும் முன் இதைப் படித்துவிட வேண்டுகிறேன். பார்சலோனேட்டா கடற்கரைக்கு இரண்டு நிமிட நடையில் இருப்பதாகப் படங்களுடன் விளம்பரம் செய்யப்பட்டிருந்த ஒரு வீட்டுக்கு முழுத் தொகையையும் வாங்கிக்கொண்டு, நாங்கள் புறப்படும் நாளில், வேறொரு நகராட்சி எல்லைக்குள் இருந்த வேறொரு வீட்டுக்கு எங்களைத் திருப்பிவிட்டார்கள். அங்கே விசாரித்ததில் இந்த உத்தி பலரிடம் நடந்திருப்பது தெரிந்ததால், அது படிப்படியாக எப்படி நடக்கிறது என்பதை எழுதுகிறேன்.

நாங்கள் பிராங்பர்ட்டில் இருக்கிறோம். ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவுக்குக் கடலோர நகரம் ஒன்றைக் காட்ட வேண்டும் என்பதற்காகவே பார்சிலோனாவைத் தேர்ந்தெடுத்தோம். சமைத்துக்கொள்ள வசதி வேண்டும் என்பதற்காகவே வீடு பார்த்தோம். பலரும் பயன்படுத்தும் ஒரு முன்பதிவுத் தளத்தின் வழியாகவே, கடன் அட்டையில் பணம் செலுத்தினோம். விளம்பரத்தில் உரிம எண்ணும் இருந்தது, நல்ல மதிப்புரைகளும் இருந்தன.

விமானத்தில் ஏறக் காத்திருந்தபோது வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. வீட்டில் தண்ணீர்க் குழாய் உடைந்துவிட்டது, ஆனால் கவலை வேண்டாம், அதே தரத்தில் இன்னொரு வீடு தயாராக இருக்கிறது, முன்பதிவை ரத்து செய்துவிடாதீர்கள், தளத்துக்குத் தெரிவித்தால் தேவையற்ற தாமதம் ஆகும் என்பதே அதன் சாரம். முகவரியைக் கேட்டதற்கு, மையப் பகுதியிலிருந்து மெட்ரோவில் சில நிமிடம்தான் என்ற மழுப்பலான பதிலே கிடைத்தது. முழு முகவரி நாங்கள் தரையிறங்கிய பிறகே வந்தது. குழாய் உண்மையிலேயே உடைவதும் உண்டு. ஆனால் நேர்மையான நிர்வாகியாக இருந்தால் அந்த மாற்றத்தைத் தளத்தின் வழியாகவே செய்து, முகவரியையும் படங்களையும் முன்கூட்டியே தருவார். தளத்துக்குச் சொல்லாதீர்கள் என்ற அந்த ஒரு வரி எங்கு தென்பட்டாலும், பேச்சை அத்துடன் நிறுத்திவிட்டு, தளத்தின் உதவி எண்ணை அழைத்து, வீடு தரப்படவில்லை என்று பதிவு செய்யச் சொல்லுங்கள்.

அவர்கள் அனுப்பிய முகவரி லோஸ்பிட்டலெட்டில் இருந்தது. அது பார்சிலோனாவை ஒட்டிய தனி நகராட்சி. பல்லாயிரம் குடும்பங்கள் வாழும் சாதாரண ஊர், அதில் குறை ஒன்றுமில்லை. ஆனால் கடற்கரைக்கு இரண்டு நிமிடம் என்று சொல்லி வாங்கிய வாடகைக்கு, சிவப்பு நிற எல்1 மெட்ரோவில் ஏறி, உர்கினாவோனாவில் மஞ்சள் நிற எல்4-க்கு மாறி, பார்சலோனேட்டா நிலையத்தில் இறங்கி நடக்க வேண்டியிருந்தது. பத்துப் பயணங்களுக்கான டி-கஷுவல் அட்டையை ஒருவர் மட்டுமே பயன்படுத்த முடியும் என்பதால், குடும்பமாகச் சென்றால் ஆளுக்கொன்று வாங்க வேண்டும். பலர் சேர்ந்து பயன்படுத்தக்கூடிய, எட்டுப் பயணங்களுக்கான டி-பமிலியார் அட்டை ஒன்று இருக்கிறது, குறுகிய பயணத்துக்கு அதுதான் உகந்தது.

கட்டடத்தின் வாசலில் ஓர் இளைஞர் நின்றுகொண்டிருந்தார். சாவிப் பெட்டியின் குறியீட்டைத் தருவதற்கு முன், திருப்பித் தரப்படும் வைப்புத்தொகை என்று சொல்லி 300 யூரோவை ஒரு வங்கிக் கணக்குக்கு அனுப்பச் சொன்னார். அந்தக் கணக்கு எண் ஸ்பெயினுக்குரிய ஈஎஸ் என்ற எழுத்துகளில் தொடங்காமல், லித்துவேனியாவுக்குரிய எல்டி என்ற எழுத்துகளில் தொடங்கியது. யூரோ வழங்கும் நாடுகளின் வங்கிகள் 2025 அக்டோபர் 9 முதல், பணம் அனுப்பும் முன் பெறுபவரின் பெயர் கணக்குடன் பொருந்துகிறதா என்று சரிபார்த்துக் காட்ட வேண்டும் என்பது சட்டம். எங்கள் வங்கிச் செயலியும் பெயர் பொருந்தவில்லை என்று எச்சரித்தது. அனுப்ப முடியாது என்று மறுத்துவிட்டோம். உடனே அவர் தொகையை மாற்றி, சுற்றுலா வரி, துப்புரவுக் கட்டணம், தாமதமாக வந்ததற்கான கட்டணம் என்று பிரித்துச் சொல்லி, 180 யூரோவை ரொக்கமாகக் கேட்டார். மணி இரவு பத்தரையைத் தாண்டியிருந்தது. பிள்ளைகள் பெட்டியின் மேல் தலைசாய்த்துவிட்டார்கள். “வந்த இடத்துல வம்பு வேண்டாம்பா, கொடுத்துட்டு உள்ள போயிடலாம்” என்றார் அம்மா. கொடுத்தோம். ரசீது தரவில்லை.

அந்த வரிக் கணக்கே பொய். பார்சிலோனாவில் சுற்றுலா வரி என்பது உண்மையிலேயே இருக்கிறது, தலைக்கு ஒரு இரவுக்கு இவ்வளவு என்று வசூலிக்கப்படுகிறது. ஆனால் 16 வயது வரையிலான பிள்ளைகளுக்கு அது கிடையாது, ஏழு இரவுகளுக்கு மேலும் கிடையாது. எங்களிடம் பிள்ளைகளுக்கும் சேர்த்தே வாங்கினார்கள். வரியை முறையாகக் கட்டுகிறவர் அதற்கு ரசீது தரத் தயங்க மாட்டார்.

வீட்டைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. ஐந்தாவது மாடி, மின்தூக்கி கிடையாது, மூட்டு வலி உள்ள அம்மாவை அணைத்துப் பிடித்தே ஏற்றினோம், அடுப்பு எரியவில்லை.

இதில் முக்கியமானது உரிம எண். பார்சிலோனாவைத் தலைநகராகக் கொண்ட கட்டலோனியா பிராந்தியத்தில் சட்டப்படி பதிவான சுற்றுலா வீட்டுக்கு, பார்சிலோனா மாகாணத்தில் எச்யூடிபி என்ற எழுத்துகளும் ஆறு இலக்கங்களும் கொண்ட எண் உண்டு. கடைசியில் வரும் பி என்ற எழுத்து மாகாணத்தைக் குறிப்பது, நகரத்தை அல்ல. ஆகவே அந்த எண் இருப்பதாலேயே வீடு நகருக்குள் இருக்கிறது என்று நம்பிவிடக் கூடாது. எண் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பது போதாது, அந்த எண் எந்த முகவரிக்குக் கொடுக்கப்பட்டது என்று பார்க்க வேண்டும். பார்சிலோனா மாநகராட்சியின் இணையதளத்தில் இதைத் தேடிப் பார்க்கலாம், உரிமமில்லாத வீட்டைப் பற்றிப் புகாரும் செய்யலாம். நாங்கள் தேடியபோது, விளம்பரத்தில் போட்டிருந்த எண் எஷாம்பிளா பகுதியில் உள்ள ஏதோ ஒரு வீட்டினுடையது என்று தெரிந்தது. அதாவது கடலோரப் படம் ஒன்று, உரிமம் இன்னொன்று, தங்கவைத்த இடம் மூன்றாவது.

இப்படி எண்களைத் திருடி ஒட்டுவதற்குக் காரணம் இருக்கிறது. பார்சிலோனா நகரம் 2014-லிருந்தே சுற்றுலா வீடுகளுக்குப் புதிய உரிமம் கொடுப்பதைக் கட்டுப்படுத்திவிட்டது. வீட்டு வாடகை ஏறிக்கொண்டே போய் உள்ளூர் மக்கள் வெளியேறும் நிலை வந்ததால், இருக்கும் 10,101 உரிமங்களையும் 2028 நவம்பருக்குப் பிறகு புதுப்பிக்கப் போவதில்லை என்று மேயர் ஜௌமே கொல்போனி 2024 ஜூனில் அறிவித்தார். அந்த நகரத்தார் பக்கம் நியாயம் இருப்பதாகவே நான் நினைக்கிறேன். ஆனால் வருகிறவர்களின் கூட்டம் குறையாமல் சட்டப்பூர்வமான வீடுகள் மட்டும் சுருங்கும்போது, எங்களுக்கு வாய்த்தவரைப் போன்றவர்களுக்கு அது நல்ல சந்தையாகிவிடுகிறது. வெறும் இரண்டு இரவுகள்தான் என்றால், இனி நான் வரவேற்பு மேசையுள்ள ஓட்டலையோ, ஓஸ்தல் எனப்படும் சிறு விடுதியையோதான் எடுப்பேன். சமையலறை இல்லாவிட்டால் பரவாயில்லை, சண்டை போட ஓர் ஆளாவது நேரில் இருப்பார்.

கடவுச்சீட்டு விஷயத்திலும் கவனம் தேவை. ஸ்பெயினில் தங்குபவர்களின் விவரங்களை அரசுக்குத் தெரிவிக்கும் விதி 2024 டிசம்பர் 2 முதல் கடுமையாகியிருப்பதால், பெயர், ஆவண எண், முகவரி போன்றவற்றைக் கேட்பது முறையானதே. ஆனால் விவரங்களைத் தருவது வேறு, கடவுச்சீட்டைப் படம் பிடித்து முன்பின் தெரியாத வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்புவது வேறு. எங்கள் எல்லோருடைய கடவுச்சீட்டுகளின் படங்களையும் அந்த நபர் கேட்டார். அம்மாவின் ஷெங்கன் விசா பக்கத்தையும் சேர்த்துக் கேட்டபோது மறுத்துவிட்டோம்.

திரும்பி வந்து முன்பதிவுத் தளத்திடம் முறையிட்டதற்கு, நீங்கள் மாற்று வீட்டில் தங்கிவிட்டதால் அதை ஏற்றுக்கொண்டதாகவே கருதப்படும் என்று சொல்லி, அடுத்த முன்பதிவுக்கான ஒரு சிறு தள்ளுபடிச் சீட்டை அனுப்பினார்கள். அதனால்தான் சொல்கிறேன்: வாசலைத் தாண்டுவதற்கு முன்பே தளத்துக்கு எழுத்தில் மறுப்புத் தெரிவித்துவிடுங்கள், வேறு வழியின்றி உள்ளே போக நேர்ந்தாலும் எதிர்ப்புடன்தான் தங்குகிறோம் என்று எழுதி வையுங்கள், கதவு, முகவரிப் பலகை, அறைகள் எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கட்டலோனியாவின் நுகர்வோர் முகமையிடம் அதிகாரப்பூர்வப் புகார்ப் படிவத்தில் புகார் அளித்திருக்கிறோம். ஐரோப்பிய ஒன்றியத்தில் வசிப்பவர்கள், தங்கள் நாட்டிலுள்ள ஐரோப்பிய நுகர்வோர் மையத்தின் உதவியைக் கட்டணமின்றிப் பெறலாம். ஜெர்மனிக்கான மையம் கேல் நகரில் இருக்கிறது, எங்கள் வழக்கு இப்போது அங்கேதான் உள்ளது. சென்னையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ நேரடியாக வருபவர்களுக்கு அந்த வழி இல்லை என்பதால், அவர்கள் அட்டை வழங்கிய வங்கியிடம் பரிவர்த்தனை மறுப்பை, அதாவது அட்டையில் கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்கும் கோரிக்கையை, பதிவு செய்வதையே முதலில் செய்ய வேண்டும், அதற்குக் காலக்கெடு உண்டு. ரொக்கமாகக் கொடுத்த 180 யூரோவுக்கு எந்த வங்கியும் பொறுப்பேற்காது.