ஓப்பன் பேப்பரில் வாகனம் விற்றவர்களே, தண்டச் சீட்டு உங்கள் வீட்டுக்குத்தான் வரும்

யாழ்ப்பாணத்தில் பழைய வாகனம் விற்றவர்களும் விற்க இருப்பவர்களும் இதைக் கட்டாயம் வாசியுங்கள். வாங்குபவர் பெயரை நிரப்பாத பெயர்மாற்றப் படிவத்தில் கையெழுத்து மட்டும் வைத்துக் கொடுத்து விற்பதைத்தான் ஓப்பன் பேப்பர் என்கிறார்கள்.

போன கிழமை எங்கள் பகுதிப் பொலிஸார் அப்பாவைத் தேடி வந்தார்கள். கையில் ஒரு தண்டச் சீட்டு. கொழும்பு பொரளைச் சந்தியில் சிவப்பு விளக்கு எரியும்போது அப்பாவின் கார் கடந்து போனதாம். அப்பா கண் சத்திரசிகிச்சைக்குப் பிறகு கார் ஓட்டுவதையே விட்டவர். அந்தக் காரையும் போன வருடமே விற்றுவிட்டோம். ஆனால் கமராப் படத்தில் இருப்பது அதே கார்தான். பின் பம்பரில் முன்பு மதிலில் உரசிய கீறல்கூட அப்படியே தெரிகிறது.

நகரில் உள்ள ஒரு வாகன விற்பனை நிலையத்துக்குத்தான் காரைக் கொடுத்தோம். பெயர் மாற்றும் செலவுக்கென்று விலையில் ஒரு தொகையைக் கழித்துக்கொண்டார்கள். அப்புறம் பெயர்மாற்றப் படிவத்தை நீட்டினார்கள். கையெழுத்து வைக்க வேண்டிய இடங்களில் மட்டும் பென்சிலால் சின்னச் சின்னப் புள்ளடி. வாங்குபவர் பெயர், அடையாள அட்டை இலக்கம், திகதி எல்லாம் வெறுமை. அப்பா கேட்டதற்கு, "ஐயா, ஒண்டுக்கும் யோசியாதேங்கோ, இந்தக் கிழமைக்குள்ள பேர் மாத்திப்போடுவம்" என்றார் அந்த முதலாளி. பெயர் மாறவே இல்லை. கார் அந்த வெற்றுத் தாளோடு கைமாறிக் கைமாறிக் கொழும்புவரை போயிருக்கிறது. இப்போது போன் எடுத்தால், "சின்னக் காசுதானே, கட்டிவிடுங்கோ" என்கிறார். பெயர் மாற்றவென்று காசையும் வாங்கிக்கொண்டு இப்படிச் சொல்வது பச்சை ஏமாற்று.

கொழும்பில் 2024 ஜனவரியிலிருந்து கமராவைப் பார்த்துத் தண்டம் எழுதுகிறார்கள். ஓட்டியவரை வழியில் மறிப்பதில்லை. இலக்கத்தகட்டை வைத்துப் பதிவுப் புத்தகத்தில் உள்ள உரிமையாளரைக் கண்டுபிடித்து, அவர் ஊர்ப் பொலிஸ் மூலம் சீட்டை அனுப்புகிறார்கள். முன்பு ஓப்பன் பேப்பரில் விற்றவருக்கு இந்தத் தலையிடி குறைவு. இப்போது எவரோ செய்யும் பிழையெல்லாம் புத்தகத்தில் பெயர் உள்ளவர் தலையில்தான். கட்டாமல் விட்டால் நீதிமன்றம். கட்டினாலும் அடுத்த சீட்டு வராது என்று என்ன உத்தரவாதம்? தண்டம் பரவாயில்லை. அந்தக் கார் ஆரையேனும் அடித்துவிட்டு நிற்காமல் போனால்? அதை நினைத்து அம்மா சரியாக நித்திரை கொள்வதில்லை.

விற்ற அன்று கையெழுத்திட்ட தாள்களையும் காசு வாங்கிய பற்றுச்சீட்டையும் தங்கச்சி போனில் படம் எடுத்து வைத்திருந்தாள். அதைக் காட்டியதால் பொலிஸார் அப்பாவின் வாக்குமூலத்தையும் விற்பனை நிலையத்துக்கு எதிரான முறைப்பாட்டையும் பதிந்தார்கள். அந்தப் படங்கள் இல்லாவிட்டால் எங்கள் பேச்சை யார் நம்புவது?

ஆகவே வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வைக்காதீர்கள், கேட்பவர் சொந்தக்காரராக இருந்தாலும். வாங்குபவரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், திகதி மூன்றையும் உங்கள் கண் முன்னால் நிரப்பச் சொல்லுங்கள். நிரப்பிய படிவத்தின் பிரதியும் அவருடைய அடையாள அட்டைப் பிரதியும் உங்களிடம் இருக்க வேண்டும். கைமாறிய விபரத்தை நாரஹேன்பிட்டியில் உள்ள மோட்டார் போக்குவரத்து ஆணையாளர் நாயகத்துக்குப் பதிவுத் தபாலில் எழுதி அனுப்புங்கள். விற்றவரும் அறிவிக்க வேண்டும் என்றுதான் சட்டமும் சொல்கிறது. தபால் துண்டைக் கவனமாக வையுங்கள். முன்பே ஓப்பன் பேப்பரில் கொடுத்தவர்கள், தண்டச் சீட்டு வரும்வரை காத்திருக்காமல் இப்போதே அந்தக் கடிதத்தை எழுதுங்கள்.

வெள்ளை நிறக் கார், பின் பம்பரின் இடது மூலையில் நீளக் கீறல். இப்போது அதை வைத்திருப்பவர் இதை வாசித்தால், தயவுசெய்து புத்தகத்தை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். அப்பாவின் கையெழுத்து தேவையென்றால் கொழும்புக்கே கூட்டிவருகிறேன்.